முப்பத்திரண்டாவது முகம்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நீள மேசையின் தலைப்பில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, இயக்குநர் அம்மா. அவருக்கு வலப்பக்கம், கண்காட்சிகளை அமைக்கிற க்யூரேட்டர். வெயில் காலத்திலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பவர் என்பதால் கட்டடம் முழுக்க அவருக்கு அதுவே பெயர். அவரிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி, விருந்தினராக வந்திருந்த சிற்பி, முப்பத்தைந்து வயதுப் பெண், நகக்கண்ணில் காய்ந்த மாவோடு. எதிர்ப்பக்கம் பதிவாளர், மடியில் பதிவேடு. கதவோரம் ஸ்டூலில் பெட்டிக்காரர். அருங்காட்சியகத்துச் சாமான்களைப் பொதிந்து பெட்டி கட்டுகிறவர் அவர். பதிவாளரின் மனைவிக்குத் தம்பி. மேசையில் இடம் காலியாக இருந்தும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஸ்டூலில் இருந்தால் கொட்டாவி விடலாம்.

அன்னிய ஆட்சிக் காலத்தில் ஒரு அளவை அதிகாரி மலைக் குடியிருப்பு ஒன்றுக்குப் போய், அங்கே இருந்தவர்களைப் படுக்க வைத்து, மூக்குத் துவாரத்தில் வைக்கோல் குழாய் சொருகி, முகத்தில் சுண்ண மாவைக் குழைத்து ஊற்றி அச்சு எடுத்தார். நெற்றி இத்தனை அங்குலம், மூக்கு இத்தனை அங்குலம் என்று குறித்தும் வைத்தார். படுத்திருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை, எதற்கு என்று சொல்லவும் இல்லை. அந்த மாவு முகங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக அருங்காட்சியகத்தின் நிலவறையில் பெட்டிகளில் கிடந்தன. இப்போது அவற்றை வைத்து ஒரு கண்காட்சி. கண்காட்சி முடிந்ததும் முகங்கள் ஊர் திரும்ப வேண்டும். குடியிருப்பின் வம்சத்தார் சங்கம் பதினொரு வருஷம் மனுப்போட்டு வாங்கிய உத்தரவு அது. அந்த உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. மொத்தம் இத்தனை, எல்லாமே அசல் என்று பதிவாளர் கையெழுத்திட்ட பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் சங்கத்துக்குத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். போகாவிட்டால் கோப்பு மறுபடி முதலிலிருந்து.

பதிவேட்டில் முப்பத்தொன்று என்றிருந்தது. கண்காட்சிக் கூடத்து மேசைகளில் முப்பத்திரண்டு முகங்கள் கிடந்தன.

"ஒண்ணு குறைஞ்சா போலீஸைக் கூப்பிடலாம். கூடினா யாரைக் கூப்பிடறது?" என்றார் மஃப்ளர்.

இயக்குநர் சிரிக்கவில்லை. "திரும்ப எண்ணினீங்களா?"

"மூணு தடவை மேடம். நான் ஒரு தடவை, இவர் ஒரு தடவை, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை," என்றார் பதிவாளர், ஸ்டூல் பக்கம் கைகாட்டி.

"சேர்ந்து எண்ணினப்பவும்?"

"அதேதான் மேடம்," என்றது ஸ்டூல். "மாவு மூஞ்சி குட்டியா போடும்?"

இயக்குநர் முதல்முறையாகக் கதவுப் பக்கம் பார்த்தார். பதிவாளர் பார்த்தது சிற்பியை. அவள் காகிதத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. விஷயத்தைப் புதிதாகக் கேட்கிற ஆள் நிமிர்ந்து பார்ப்பான். இவளுக்கு இது புதிதில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டார்.

போன வாரம் அவருடைய மனைவிக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வீட்டுக்காரர் என்று அவரும், தம்பி என்று பெட்டிக்காரரும் நாலு நாள் விடுப்பு. பெட்டிகளைத் திறந்தது சரியாக அந்த நாலு நாளில். பதிவாளரும் பெட்டிக்காரரும் கூட இருக்காமல் எந்தப் பெட்டியின் நூல் முத்திரையையும் வெட்டக்கூடாது என்பது விதி. நேரமில்லை என்று மஃப்ளர் தற்காலிக ஆட்கள் இரண்டு பேரை வைத்து வெட்டிவிட்டார். காலிப் பெட்டிகள் நிலவறைக்குப் போய்விட்டன. எந்த முகம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று கேட்டால் தற்காலிக ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தொரு முகங்களின் பின்புறத்தில் கறுப்பு மையில் எண் இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. அது ஒரு பெண்ணின் முகம்.

கூட்டம் ஒன்றும் முடிவு செய்யாமல் கலைந்தது. பதிவாளர் தன் மேசைக்கு வந்து, பழைய உறை ஒன்றைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் மூன்று பேரை வரிசையாக எழுதினார்.

முதலில் சிற்பி. மாவு அவள் தொழில். போதாததற்குக் கண்காட்சித் துண்டுப் பிரசுரத்தில், 'அந்தக் குடியிருப்பின் வம்சத்தில் வந்த கலைஞர்' என்று அவளைப் போட்டிருந்தது. தன் ஜாடையில் ஒரு முகம் அந்தக் கும்பலில் கிடைத்தால் அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இரண்டாவது மஃப்ளர். கூட்டம் சேர்க்கிற கண்காட்சி வேண்டும் அவருக்கு. கூடுதலாக ஒரு முகம் என்றால் பத்திரிகைக்காரன் ஓடி வருவான். மூன்றாவது பெயரை எழுதுமுன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இயக்குநர். முகங்களைத் திருப்பிக் கொடுப்பதில் அந்த அம்மாவுக்கு ஒருநாளும் மனசில்லை. ஒன்று போலி என்று ஆகிவிட்டால் மற்ற முப்பத்தொன்றையும் யார் நம்புவார்கள்?

மத்தியானம் டீ குடிக்கும்போது பெட்டிக்காரரிடம் உறையைக் காட்டினார்.

"அத்தான், என் பேரை விட்டுட்டீங்களே."

"உனக்கு மாவு குழைக்கத் தெரியாதுடா."

"அதுவும் சரிதான். இருந்தாலும் குடும்பத்துல ஒருத்தன் பேராவது இருந்தா கௌரவமா இருக்கும்." ஒரு மடக்குக் குடித்தார். "ஆனா அந்தப் பொண்ணுதான் அத்தான். மூக்கைப் பாருங்க. அச்சு அசல்."

மூக்கைப் பதிவாளரும் பார்த்திருந்தார். அன்றைக்கு மட்டும் நாலு முறை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் சிற்பியின் பின்னாலேயே திரிந்தார். அவள் வேலை செய்யும் அறைக்கு அளவுநாடா தேடப் போனார். அவள் கொண்டுவந்திருந்த மாவு மூட்டையில் விளம்பரம் படிப்பதுபோல் எடை படித்தார்: இருபத்தைந்து கிலோ, பாதிக்கு மேல் செலவாகியிருந்தது. குப்பைக்கூடையில் உடைந்த அச்சுத் துண்டுகள் கிடந்தன. ஒன்றைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வந்து எண்ணில்லாத முகத்தோடு வைத்துப் பார்த்தார். அவளுடையது வெள்ளை, அது பழுத்த மஞ்சள். மஞ்சளாக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டில் மனைவி, கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்ன, தட்டுல இருக்கறதையும் எண்ணிட்டுத்தான் சாப்பிடுவீங்களா?"

"ஒண்ணு கூட இருக்கு. எங்கிருந்து வந்ததுன்னு தெரியல."

"நம்ம கல்யாணத்துக்கு வந்தவங்களை எண்ணி, நூத்திப்பன்னெண்டு பேர், அதுல ஒம்பது பேர் யாருன்னே தெரியலன்னு முதல் நாளே எங்கிட்ட கேட்ட மனுஷன் நீங்க. அந்த ஒம்பது பேரும் எங்க சித்தப்பா வீட்டு ஆளுங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நீங்க யாரையும் கேக்கவே மாட்டீங்க. மறைஞ்சு நின்னு எண்ணுவீங்க."

புதன்கிழமை சாயங்காலம் இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னதோடு டீயும் வரவழைத்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் அவருக்கு டீ வந்தது அதுதான் முதல்முறை.

"ரொம்ப யோசிக்காதீங்க. 'ஒரு முகம் சந்தேகத்துக்குரியது. ஆகையால் தொகுப்பு முழுவதையும் மறு ஆய்வு செய்வது அவசியம்.' இந்த ஒரு வரி போதும். பொய் ஒண்ணும் இல்லையே? சந்தேகம் இருக்கு இல்ல?"

"இருக்கு மேடம்."

"அப்புறம் என்ன?"

மறு ஆய்வு என்றால் நிபுணர் குழு. நிபுணர் குழு என்றால் இன்னொரு பதினொரு வருஷம். அதைச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தார். உறையில் மூன்றாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

வியாழக்கிழமை காலை கண்காட்சிக் கூடத்தில் சிற்பி தனியாக இருந்தாள். இவர் தூணோரம் நின்று விளக்கு ஸ்விட்சைப் பரிசோதிப்பதுபோல் தட்டினார்.

"சார், அந்த ஸ்விட்ச் மூணு நாளா நல்லாத்தான் இருக்கு," என்றாள் திரும்பாமலே. "என் குப்பைக்கூடையைக் கிளறினீங்க. நான் பாத்ரூம் போனா வெளியில உங்க செருப்புச் சத்தம் கேக்குது. கேக்க வந்ததைக் கேட்டுடுங்க."

அவருக்குக் காது சுட்டது. கேட்டுவிட்டார். "இது உங்க வேலையா?"

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு சின்ன விளக்கை எடுத்து எண்ணில்லாத முகத்தின் மேல் சாய்த்துப் பிடித்தாள். "வாங்க. கண்ணிமையைப் பாருங்க."

மூடிய இமையின் ஓரத்தில், மாவுக்குள் பாதி புதைந்து, மூன்று இமைமுடிகள்.

"ஈர மாவு காஞ்சதும் முடியோட பிடுங்கி எடுத்திருக்காங்க. எண்ணெய்கூடத் தடவல. தாடையைப் பாருங்க." இரண்டு பக்கமும் குழிகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் நாலு. "கட்டைவிரல், மத்த நாலு விரல். யாரோ அழுத்திப் பிடிச்சிருக்காங்க. இந்தம்மா படுக்க மாட்டேன்னிருக்காங்க."

"நீங்க நெனச்சா இதையெல்லாம் செய்ய முடியாதா?"

"முடியும். டீத்தண்ணியில முக்கினா மஞ்சளும் வரும். என்னால முடியாதுன்னு சொல்லல சார், நான் செய்யலன்னு சொல்றேன்." கைபேசியை எடுத்தாள். "இதுவும் இருக்கு."

படங்கள் வரிசையாக இருந்தன. பெட்டி ஒவ்வொன்றையும் திறக்கத் திறக்க எடுத்திருக்கிறாள். பெட்டி பத்தொன்பது: வெட்டாத நூல், அரக்கு முத்திரை. அடுத்த படம்: மூடி திறந்து, மரச்சீவல்மேல் ஒரு ஆணின் முகம். அடுத்தது: அந்த முகத்தை எடுத்த பிறகு, சீவலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு மூக்கு. அடுத்தது: அந்தப் பெண். போன செவ்வாய், காலை பத்து பதினாலு.

"போன செவ்வாயே உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு சாயங்காலமே எண்ணினேன். எண்ணாம எப்படி சார் வேலை செய்யறது?"

"ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா?" அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க பதிவேட்டுல முப்பத்தொண்ணு. வருஷா வருஷம் திறந்து சரிபார்த்ததா உங்க கையெழுத்து. திறந்து பாத்தவருக்கு ரெண்டாவது முகம் தெரியாம இருக்குமா? வேணும்னே ஒருத்தியை அடியில போட்டு மறைச்சு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். நான் வாயைத் திறந்தா மறுநாள் ஒண்ணு காணாமப் போய், கணக்கு சரியாயிடும். அதான் எல்லாத்தையும் நடுக்கூடத்துல பரத்தச் சொன்னேன். இத்தனை பேர் பாத்தப்புறம் யார் எடுக்க முடியும்?"

"என்னையா சந்தேகப்பட்டீங்க?"

"உங்களைத்தான் சார். எழுதற கை உங்களோடது."

அவர், வேறு பிடி கிடைக்காமல், "பிரசுரத்துல உங்களை அந்த வம்சம்னு போட்டிருக்கு. மூக்கும் அப்படியே இருக்கு..." என்று இழுத்தார். தான் தோற்றுக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

"கண்ணை மூடிட்டுப் படுத்தா நீங்களும் இவங்க ஜாடையிலதான் இருப்பீங்க. எங்கப்பா அந்தப் பக்கம் ரயில் பாதை போடற வேலையில இருந்தார்னு மஃப்ளர் சார்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான். அவரா வம்சத்துல சேத்துட்டார். ரெண்டு தடவை திருத்தச் சொல்லிட்டேன். அடுத்த அச்சுல பாக்கலாம்ங்கறார்."

பதிவாளர் நிலவறைக்கு இறங்கினார். பெட்டிக்காரர் அங்கே காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆணி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பதை எடு."

எடுத்தார். மற்றப் பெட்டிகள் ஒரு சாண் ஆழம். இது ஒன்றரைக்கு மேல்.

"இது எப்பவுமே கனமாத்தான் இருக்கும் அத்தான். ஷெல்ஃப் மாத்தினப்போ உங்ககிட்ட சொன்னேனே? பழைய பலகைடா, அப்படித்தான் இருக்கும்னீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"சொல்லிட்டு, முதுகு வலிக்குதுன்னா தைலம் தடவிக்கோன்னும் சொன்னீங்க."

பதிவாளர் அலமாரியிலிருந்து பழைய பேரேடுகளை இறக்கினார். அதிகாரி பெட்டிகளை ஒப்படைத்த அன்று எழுதிய ரசீது: முப்பத்தொரு பெட்டிகள். ஆறு வருஷம் கழித்து வந்த குமாஸ்தா, அதைப் பார்த்து எழுதியிருக்கிறான்: முப்பத்தொரு முகங்கள். முகங்களுக்கு மை எண் போட்டவனும் அவன்தான் போலிருக்கிறது. பெட்டிக்கு ஒன்றாக, மேலே இருந்ததை எடுத்து, எழுதி, வைத்து மூடியிருக்கிறான். அதற்குப் பிறகு வந்த எல்லோரும் ஒரே மாதிரி செய்தார்கள். பெட்டியின் நூல் அறுபடவில்லை என்றால் உள்ளே இருப்பது சரி. எனவே திறக்க வேண்டியதில்லை. எனவே பெட்டிமேல் ஒட்டிய சீட்டுகளை எண்ணினால் போதும். எண்ணிவிட்டு, போன வருஷத்து வரியைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள்: 'திறந்து பார்த்துச் சரிபார்க்கப்பட்டது. 31.'

அவர் கையெழுத்தில் அந்த வரி பதினெட்டு முறை இருந்தது. ஒருமுறைகூட எழுத்து கோணவில்லை.

உறையின் உள்பக்கத்தில் எழுதிய மூன்று பெயர்களையும் அடித்தார். நாலாவதாக ஒன்று எழுத இடம் இருந்தது. எழுதாமல் கிழித்துப் போட்டார்.

இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார், படங்களைப் பற்றியும். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

"அப்ப ரொம்பச் சுலபம். எண் போட்டது முப்பத்தொண்ணு, அசல். அதை எழுதி அனுப்புங்க. எண் இல்லாதது இங்கயே இருக்கட்டும், அது அவங்க கேட்ட பட்டியல்லயே இல்ல. நீங்களும் பதினெட்டு வருஷம் எழுதினதை மாத்த வேண்டாம்." குரலைத் தணித்தார். "உங்க ஓய்வுக்கு இன்னும் ஏழு மாசம். இப்ப விசாரணைன்னு ஒண்ணு வந்தா முதல்ல சஸ்பென்ஷன்தான். மருத்துவ அட்டை உட்பட எல்லாம் நின்னுடும். அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒருதடவை காட்டுங்க. என் அறைத் தட்டுலயே வெச்சுடுங்க, நான் அனுப்பிக்கறேன்."

வீட்டுக்கு நடக்கும் வழியில் பதிவாளர் பெட்டிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தெருமுனையில் பெட்டிக்காரர் நின்றார்.

"அத்தான், அக்காவுக்கு இன்னொரு கண்ணு பாக்கியிருக்கு. அட்டை இல்லாம அந்த ஆஸ்பத்திரியில சேத்துக்க மாட்டாங்க."

"தெரியும்டா."

"தெரிஞ்சா சரி. நான் ஒண்ணும் சொல்லல." இரண்டடி போய்த் திரும்பினார். "நம்ம வீட்டுப் பொம்பளையா இருந்தா அடியில போட்டு மூடுவோமா? அதையும் நான் சொல்லல."

சாப்பாட்டுக்குப் பிறகு பதிவாளர் மேசையைத் துடைத்து, சங்கத்துக் கோப்பை விரித்தார். செயலாளர் ஓய்வுபெற்ற நர்ஸ், சிக்கனமான கையெழுத்து. கடைசியாக எழுதியதில், எத்தனை பேர் வருகிறார்கள் என்று சரியாகத் தெரிந்தால் அத்தனை பேருக்கும் இடம் ஒதுக்கி வைப்போம் என்றிருந்தது. முகங்கள் என்று எழுதவில்லை, பேர் என்று எழுதியிருந்தாள்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். எதையும் விடவில்லை, அட்டை உட்பட.

அவள் மூடியில்லாத கண்ணால் அவரைப் பார்த்தாள். "அந்த மேடம் சொன்ன மாதிரி எழுதிட்டு வந்து படுத்தா உங்களுக்குத் தூக்கம் வருமா?"

"வராது."

"உங்களுக்கு வரலன்னா எனக்கும் வராது. புரண்டு புரண்டு படுப்பீங்க. எழுதுங்க. ஒரு கண்ணுல நான் பாத்துக்கறேன்."

எழுதினார்.

'மதிப்பிற்குரிய செயலாளர் அம்மையாருக்கு. தங்கள் குடியிருப்பைச் சேர்ந்த முகங்கள் மொத்தம் முப்பத்திரண்டு. அனைத்தும் அசல். பட்டியல் இத்துடன் உள்ளது. இதுவரை முப்பத்தொன்று என்று தெரிவித்து வந்தது தவறு. பத்தொன்பதாம் பெட்டியில் இருவர் இருந்தார்கள். கீழே இருந்தவர் ஒரு பெண். அவர் பெயர் எங்களிடம் எங்கும் எழுதப்படவில்லை. பெட்டிகளைத் திறந்து பார்த்ததாகப் பதினெட்டு ஆண்டுகள் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். திறந்து பார்க்கவில்லை. இதற்கு நான் ஒருவனே பொறுப்பு. இதைக் காரணம் காட்டி யாரும் திருப்பித் தருவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகவே விளக்கமாக எழுதுகிறேன். பெட்டி திறந்தபோது எடுத்த நான்கு படங்களின் பிரதிகள் சிற்பியிடமிருந்து பெற்றுத் தனியே அனுப்பப்படும். கிடைத்ததும் பதில் எழுதக் கோருகிறேன்.'

இரண்டு பிரதி எடுத்தார். ஒன்று தனக்கு, இன்னொன்று இயக்குநருக்கு, அசல் போன பிறகு.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் திறக்குமுன் தபால் நிலையத்தில் முதல் ஆளாக நின்றார். இயக்குநர் அறைத் தட்டை அவர் நம்பவில்லை. சொல்லப்போனால் அலுவலக அரக்கையும் நம்பவில்லை. வீட்டிலிருந்தே பசை ஒட்டி, மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்திட்டு, நூல் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"ஸ்பீடா, ரெஜிஸ்டரா?" கவுன்ட்டர் பெண் கேட்டாள்.

"எது கையெழுத்து வாங்கிட்டுக் கொடுப்பாங்களோ அது."

"ரெண்டுமே வாங்குவாங்க சார்."

"யார் கையெழுத்துன்னு எனக்குத் திரும்ப வருமா?"

"வரும் சார், வரும்." உறையைத் தராசில் வைத்து எடுத்தாள். ஒட்டுச்சீட்டு ஒட்டினாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவர் நகராததைப் பார்த்து, "வேற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பையில போடறதைப் பாத்துட்டுப் போறேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். உறையைத் தூக்கி அவர் கண்ணெதிரே ஆட்டிக் காட்டி, பின்னால் தொங்கிய சாக்குப் பையில் போட்டு, அதன் வாயைச் சுருக்கி இழுத்துக் கட்டினாள்.